வேலி வேறு, கண்ணி வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கேயம் வட்டத்தில் மானாவாரி நிலத்தில் கொரங்காடும் (கால்நடை மேய்வதற்கான புல் நிலம்) கொஞ்சம் தென்னையும் வைத்துக்கொண்டு, பதினோரு ஆண்டுகளாக நாட்டுக்கோழி வளர்த்துவருகிறேன். தங்கள் நாளிதழை நாள்தோறும் படிப்பவன் என்ற உரிமையில், ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதத் துணிகிறேன். 'மின்வேலியில் சிக்கி விவசாயி பலி', 'மின்வேலியில் சிக்கி யானை உயிரிழப்பு' என்ற தலைப்புகளை எல்லா நாளிதழ்களிலும் அடிக்கடி காண்கிறோம். அந்தச் செய்திகளை இறுதி வரி வரை படித்தால், பெரும்பாலானவற்றில் அங்கே இருந்தது மின்வேலியே அல்ல என்பதும், மோட்டார் அறையிலிருந்தோ மின்கம்பத்திலிருந்தோ திருட்டுத்தனமாக இழுத்து வெறும் கம்பியில் மாட்டிய மின்சாரம் என்பதும் தெரியவரும். அதற்கும், உயிரைப் பறிக்காத வகையில் அளந்து துடிப்பாக மின்சாரத்தை விடும் முறையான மின்வேலிக்கும் நாம் ஒரே பெயரை வைத்திருக்கிறோம். இந்தப் பெயர்க் குழப்பம் என்னைப் போன்ற சிறிய கோழி வளர்ப்போருக்கு என்ன செய்திருக்கிறது என்பதையும், அது உயிர்களையே பாதிக்கும் குழப்பம் என்பதையும் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்; நொடிக்கு 50 சுழற்சியாக இடைவிடாமல் ஓடுவது. அதை நேரடியாகக் கம்பியில் மாட்டி, ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் ஒருவர் தொட்டால், உடலின் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 200 மில்லி ஆம்பியருக்கு மேல் அவர் உடல் வழியாகப் பாயும். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டும்போதே கைத் தசைகள் இறுகிக்கொள்ள, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். முப்பதைத் தாண்டிச் சில நொடிகள் நீடித்தால் இதயத் துடிப்பு குலையத் தொடங்கும். பியூஸ் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் இன்னும் கிராமங்களில் இருக்கிறார்கள். ஐந்து ஆம்பியர் பியூஸ் உருகுவதற்கு ஐந்து ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஒரு மனிதர் சாவதற்கு அதில் இருபதில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற உயிர்காக்கும் சாதனம் மட்டுமே இந்த இடத்தில் பயன்படும். ஆனால் புல்லிலும் மரக் குச்சியிலும் கசிந்துகொண்டே இருக்கும் இப்படிப்பட்ட கம்பியை அந்தச் சாதனத்தின் வழியாக இணைத்தால் அது நொடிக்கு நொடி இணைப்பைத் துண்டித்துக்கொண்டே இருக்கும் என்பதால், கம்பி வைப்பவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு நேரடியாகவே மாட்டுகிறார்கள். ஆக, காப்பதற்கென்று இருக்கும் ஒரே சாதனத்தையும் விலக்கிவிட்டுத்தான் அந்தக் கம்பி உயிர் பெறுகிறது.

முறையான மின்வேலியின் வேலை முற்றிலும் வேறு. எங்கள் பக்கத்தில் 'சோலார் மிஷின்' என்றும் கடைக்காரர்கள் 'எனர்ஜைசர்' என்றும் சொல்லும் பெட்டி, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்து ஒரு மின்தேக்கியில் சேர்த்து, அதை மின்மாற்றி வழியாக ஒரே உதறலில் கம்பிக்கு விடுகிறது. கம்பியில் 5,000 முதல் 9,000 வோல்ட் வரை இருக்கும். அந்த எண்ணைக் கேட்டதும் அஞ்சுவது இயல்பே. ஆனால் அந்த உதறல் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கிறது. அடுத்த உதறல் வர ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. அந்த இடைவெளியில் கம்பியில் மின்சாரமே இல்லாததால், தொட்டவர் கையை எடுத்துக்கொள்ள முடிகிறது. இந்தப் பெட்டிகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 302-2-76 ஆகும்; உலக அளவில் இருக்கும் விதியும் இதை ஒத்ததே. ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூல் என்ற அளவைத் தாண்டக் கூடாது, துடிப்பு பத்து மில்லி நொடிக்கு மேல் நீளக் கூடாது, நொடிக்கு ஒரு துடிப்புக்கு மேல் கூடாது என்பதே அதன் சாரம். கோழித் தோட்டத்துக்கு அந்த 5 ஜூல்கூட வேண்டியதில்லை. அரை ஜூலோ ஒரு ஜூலோ போதும். இந்த முறை 1930களில் நியூசிலாந்தில் கால்நடை வளர்ப்பவர்களிடையே உருவாகிப் பரவியது; அங்கே மாடு, ஆடு, கோழி என எல்லாப் பண்ணைகளிலும் இன்று சாதாரணமாக இருப்பது.

எங்களுக்கு வேலி புதிதல்ல. கொரங்காட்டைச் சுற்றிக் கிளுவை என்ற முட்செடியை நட்டு, தலைமுறை தலைமுறையாக அடைத்து வந்தவர்கள் நாங்கள். கிளுவை வேலிக்குள் மாடும் செம்மறியும் காவலாள் இன்றி மேயும். ஆனால் கிளுவை மாட்டைத்தான் தடுக்கும். கீரியைத் தடுக்காது, வெருகு என்ற காட்டுப்பூனையைத் தடுக்காது, கூட்டமாக வரும் நாய்களையும் தடுக்காது. கோழிகளின் எண்ணிக்கை பத்தும் பதினைந்தும் ஆக இருந்த காலத்தில் மாலையில் பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்துவிட்டால் கவலை இல்லை. இப்போது அரசே ஐம்பது விழுக்காடு மானியம் கொடுத்து, 250 கோழிகள் கொண்ட நாட்டுக்கோழிப் பண்ணைகளை ஊக்குவிக்கிறது. அந்தக் கோழிகள் பகலில் மேய்ந்தால்தான் தீவனச் செலவு கட்டுக்குள் இருக்கும். மேய்ந்தால்தான் வாங்குபவரும் நாட்டுக்கோழி என்று நம்பி விலை கொடுப்பார். 250 கோழிகளைத் திறந்துவிட்டு, பகல் முழுவதும் கம்பை ஊன்றிக்கொண்டு ஒருவர் நிற்க முடியாது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலைப் பகுதிகளில் தெருநாய்கள் ஆடுகளையும் கோழிகளையும் கடித்துக் குதறியதும், விவசாயிகள் இறந்த ஆடுகளைச் சாலையில் போட்டுப் போராடியதும், அரசு 2025ஆம் ஆண்டில் இழப்பீடு அறிவித்ததும் தங்கள் இதழிலேயே வந்த செய்திகள். இழப்பீடு இறந்த கோழிக்கு வரும். அடைகாத்துக்கொண்டிருந்த தாய்க்கோழியோடு போன முட்டைகளுக்கும், அச்சத்தில் பல வாரங்கள் முட்டையிடாமல் போகும் கோழிகளுக்கும் வராது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்கழி இரவில், என் தோட்டத்துக்குள் நான்கைந்து நாய்கள் புகுந்தன. விடிந்தபோது 23 கோழிகள் தரையில் கிடந்தன. ஒன்றைக்கூட அவை தின்றிருக்கவில்லை. பெரும்பாலானவை சிறுவிடைத் தாய்க்கோழிகள்; என் அம்மா காலத்திலிருந்து வழிவழியாக வளர்த்த இனம். அன்று துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல வந்து நின்ற அண்டைத் தோட்டத்துப் பெரியவர், "ஏனப்பா இப்படித் தவிக்கிறாய், மோட்டார் ரூமிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கம்பியில் மாட்டிவிடு, ஒரு நாயும் அண்டாது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த 'மின்வேலி' அதுதான். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு இருட்டில் போய்க் கோழிகளைத் திறந்துவிடுபவர் என் மனைவி. பால் கறக்க வரும் பையன் குறுக்கு வழியாக எங்கள் வேலியோரம்தான் நடந்து வருவான். இவர்கள் இருவரையும் நினைத்துப் பார்த்தபோது, கோழியே வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. முறையான கருவி ஒன்று இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு பல இடங்களில் விசாரித்தே தெரிந்துகொண்டேன்.

அந்தக் கருவியைப் பொருத்திய பிறகு நடந்ததுதான் இக்கடிதத்துக்குக் காரணம். மின்வேலி வைத்திருக்கிறேன் என்று கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், பள்ளி விடுமுறைக்குப் பேரனை எங்கள் தோட்டத்துக்கு அனுப்ப மறுத்துவிட்டார். ஊரில் யாரோ புகார் சொல்ல, அதிகாரிகள் இரண்டு முறை வந்து விசாரித்தார்கள். நான் பேட்டரியையும் சூரியத் தகட்டையும் காட்டி, மோட்டார் இணைப்புக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது. விசாரிக்க வந்தவர்கள்மீது எனக்கு வருத்தமே இல்லை. அவர்கள் வந்ததே சரி. என் வருத்தம் வேறு. முறையானதைச் செய்பவன் கொலைகாரனைப் போலப் பார்க்கப்படுகிறான். அதே சொல்லின் மறைவில், திருட்டுக் கம்பி வைப்பவன், 'நான் வைத்தது வேலிதானே, ஊரெல்லாம் வைப்பதுதானே' என்று தன் மனச்சான்றைச் சமாதானப்படுத்திக்கொள்கிறான். 'மின்வேலி' என்ற சொல் அவனுடைய செயலுக்கு ஒரு பண்ணை வேலையின் தோற்றத்தைக் கொடுத்துவிடுகிறது. முயலுக்கும் பன்றிக்கும் வேட்டைக்காரர்கள் மறைத்து வைக்கும் சுருக்கைத் தமிழில் கண்ணி என்கிறோம். இரவில், அறிவிப்பு இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பியில், கொல்வதற்கென்றே வைக்கப்படும் மின்சாரமும் கண்ணியே. அதை 'மின்கண்ணி' என்று தங்கள் இதழ் எழுத வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

'சோலார் வேலி' என்ற சொல் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வேலியைப் பாதுகாப்பானதாக ஆக்குவது சூரியன் அல்ல, துடிப்பு. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட்டை எடுத்துக் கம்பியில் விட்டால், அதற்கான மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து வந்திருந்தாலும், அது கொல்லத்தான் செய்யும். நான் முதலில் ஒரு கடையில் வாங்கிய பெட்டியில் தரக் குறியீடும் இல்லை, துடிப்பின் ஆற்றலும் எழுதப்படவில்லை. கேட்டபோது, 'நல்ல ஷாக் அடிக்கும், எடுத்துப் போங்கள்' என்று மட்டும் பதில் வந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐ.எஸ். எண்ணும் ஜூல் அளவும் அச்சிட்ட பெட்டியைத் தேடி வாங்கினேன். வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்காமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மின்வேலி கோழியை எப்படிக் காக்கிறது என்பதிலும் தவறான எண்ணங்கள் உண்டு. கோழியின் உடலை மூடிய இறகு மின்சாரத்தைக் கடத்தாது. கொண்டையோ தாடியோ அலகோ கம்பியில் பட்டால்தான் அது உதறலை உணரும். எனவே கோழியை உள்ளே வைத்திருப்பது வலையின் வேலை. கம்பி வெளியிலிருந்து வருபவற்றுக்கானது. நாயும் நரியும் வெருகும் புதிதாக எதைக் கண்டாலும் முதலில் மூக்கைக் கொண்டுபோய் முகர்கின்றன. மூக்கு ஈரமானது, உடம்பில் மின்சாரத்தை அதிகம் உணரும் இடமும் அதுதான். ஒருமுறை மூக்கில் பட்ட நாய் வீலென்று கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். பிறகு அது வேலியிலிருந்து பத்தடி தள்ளியே நடந்தது. அந்த விலங்குக்குக் காயம் இல்லை, எரிச்சல் இல்லை. அந்த இடம் ஆகாது என்ற நினைவு மட்டும் அதற்கு மிஞ்சியது. கொல்லும் கம்பியால் இந்தப் பயன் கிடைக்காது. செத்த நாய் எதையும் கற்றுக்கொள்வதில்லை; அதன் இடத்துக்கு அடுத்த நாய் வரும்.

என் அமைப்பைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவக்கூடும். இருபது சென்ட் நிலத்தைச் சதுரமாக அடைத்தால் சுற்றளவு ஏறக்குறைய 114 மீட்டர் வரும். அதைச் சுற்றி ஐந்தடி உயரத்துக்குக் கம்பி வலை கட்டி, அதன் அடிப்பகுதியில் மட்டும் ஓர் அங்குலக் கண் கொண்ட கோழி வலையை இரண்டடி உயரத்துக்குச் சேர்த்து, கீழ் விளிம்பை வெளிப்புறமாக மடித்து மண்ணுக்குள் ஓரடி புதைத்திருக்கிறேன். கீரியும் நாயும் தோண்டிக்கொண்டு நுழையாமல் இருக்க அதுவே போதும். வலைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி, இன்சுலேட்டரில் பிடித்து, தரையிலிருந்து இருபது சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கம்பியும், முழங்கால் உயரத்தில் இன்னொன்றும், வலையின் தலைப்பில் மூன்றாவதும் ஓடுகின்றன. தலைப்புக் கம்பி மரநாய்க்காகவும் வலையில் ஏறும் வெருகுக்காகவும் வைத்தது.

இங்கே எங்கள் நிலத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கம்பியிலிருந்து விலங்கின் உடலுக்குள் சென்ற மின்சாரம் மண் வழியாகத் திரும்பி, எர்த் கம்பியை அடைந்து, பெட்டிக்குள் சேர்ந்தால்தான் உதறல் உண்டாகும். பங்குனி, சித்திரையில் எங்கள் சரளை மண் ஓடுபோலக் காய்ந்து கிடக்கும்போது அந்தப் பாதை அறுந்துவிடுகிறது. பெட்டியில் விளக்கு எரியும், டக் டக் என்று ஒலியும் கேட்கும், ஆனால் நாய்க்கு ஒன்றும் உறைக்காது. முதல் கோடையில் வேலி வேலை செய்யவில்லை என்று நான் மனம் தளர்ந்ததற்கு இதுவே காரணம். ஆறடி நீள எர்த் கம்பிகள் மூன்றைப் பத்தடி இடைவெளியில் அடித்து, அவற்றுக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றி, கோழி வலையையும் அந்த எர்த்துடன் இணைத்த பிறகு நிலைமை மாறியது. வலையில் கால் வைத்து ஏறும் கீரியின் கால் எர்த்திலும் மூக்கு கம்பியிலும் படுவதால், மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் உதறல் குறைவதில்லை. வேலிக்கான எர்த்தை வீட்டு எர்த்திலிருந்தும் மோட்டார் எர்த்திலிருந்தும் பத்து மீட்டருக்கு மேல் தள்ளியே அடிக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

மழைக்காலத்தில் சிக்கல் தலைகீழாகிறது. புல் வளர்ந்து கீழ்க் கம்பியைத் தொட்டால், ஒவ்வொரு புல்லும் கொஞ்சம் மின்சாரத்தைக் குடித்துவிடும். 7,000 வோல்ட் காட்டிய கம்பி 2,000 காட்டும். கோழிக்கான வேலியில் 3,000 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது வெறும் கம்பிதான். கம்பியின் அடியில் ஓரடி அகலத்துக்குப் புல்லை வெட்டி வைப்பதும், வோல்ட் மீட்டர் வைத்து நாள்தோறும் அளந்து பார்ப்பதும் வேலியின் பகுதியே. இரவில் மட்டும் வேலியைப் போட்டுவிட்டுப் பகலில் நிறுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கீரி பகலில் வேட்டையாடும் விலங்கு. முறையான வேலி இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கலாம். அது எப்போதும் இயங்குகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதே ஒரு பாதுகாப்பு.

வேலி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வானத்திலிருந்து இறங்கும் வல்லூறுக்கும் பருந்துக்கும் கம்பி ஒரு பொருட்டல்ல. அதற்கு முருங்கையும் புதர் நிழலும், குஞ்சுகளுக்கு மேலே கட்டும் வலையும்தான் துணை. பாம்பையும் முழுமையாகத் தடுக்காது. சிறு குஞ்சுகள் வலையின் கண்ணில் நுழைந்து வெளியே போய்விடக்கூடும் என்பதால், முதல் இரண்டு மாதங்கள் அவற்றைத் தனியே அடைத்தே வளர்க்க வேண்டும். சிறுவிடைக் கோழி ஐந்தடி வலையை எளிதாகப் பறந்து தாண்டும். ஒரு பக்க இறக்கையின் பறக்கும் இறகுகளை மட்டும் நுனியில் வெட்டிவிட்டால், அது சமநிலை இழந்து தாண்டாமல் நிற்கும். இரவில் கோழிகள் மூடிய கூட்டுக்குள் அடைந்தே ஆக வேண்டும். வேலி கூட்டுக்கு மாற்றாகாது.

கீழ்க் கம்பியை இருபது சென்டிமீட்டருக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் முறையான துடிப்பு வேலிகளிலேயே ஆமைகளும் அழுங்குகளும் (உடலெல்லாம் செதில் கொண்ட எறும்புத்தின்னிகள்) இறந்ததைக் கண்டறிந்திருக்கிறார்கள். உதறல் பட்டதும் ஓடும் விலங்குக்கு ஆபத்தில்லை. ஆனால் அழுங்கு அஞ்சினால் ஓடாது, சுருண்டுகொள்ளும். கம்பியைச் சேர்த்துச் சுருண்டுகொண்டால் ஒவ்வொரு நொடியும் உதறல் பட்டு, விட முடியாமல் அங்கேயே உயிரை விடும். ஆமையும் ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்வதால் அதற்கும் அதே கதி. அழுங்கும் கட்டாமையும் நம் வறண்ட காடுகளிலும் இருப்பவை. கொல்லாத வேலி என்று சொல்லிக்கொள்ளும் நாம், ஓடத் தெரியாத உயிர்களையும் எண்ணிப் பார்த்துத்தான் கம்பி கட்ட வேண்டும். அதேபோல, வெளிநாட்டு முறையில் மின்சாரம் பாயும் நூல்வலையைக் கட்டுபவர்கள், கொம்புள்ள வெள்ளாடுகள் அதில் சிக்கிக்கொள்ளும் என்பதை அறிந்திருக்க வேண்டும். முள்கம்பியில் எந்தக் காரணத்துக்காகவும் மின்துடிப்பை விடக் கூடாது. சிக்கியவர் விடுபட முடியாது என்பதால் தரநிலையே அதைத் தடுக்கிறது. குழந்தைகள் கம்பிக்கு அடியில் தவழ்ந்து நுழைவதையும் அனுமதிக்கக் கூடாது. கையில் பட்டால் வலியோடு போகும் உதறல், தலையிலோ கழுத்திலோ பட்டால் நினைவு தப்பச் செய்யலாம். பாதையோரத்தில் இருபுறமும் தெரியும்படி மஞ்சள் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கையில் மின்னல் படும் படத்தையும் வரைந்திருக்கிறேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. விவசாய மோட்டாருக்கு அரசு தரும் இலவச மின்சாரம் தண்ணீர் இறைப்பதற்காக. அதை வேலிக்குத் திருப்புவது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி மின் திருட்டு. மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரியது. மனிதர் இறந்தால் அதற்கான வழக்கு வேறு. மயிலோ யானையோ இறந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை வேறு. எங்கள் பகுதியில் மயில் இல்லாத தோட்டமே இல்லை. என் வேலியின்மீது மயில் தினமும் வந்து அமர்கிறது, சிலிர்த்துக்கொண்டு பறந்துபோகிறது. அதே இடத்தில் மின்கண்ணி இருந்திருந்தால் தினம் ஒரு மயில் செத்திருக்கும்.

2023 மார்ச் 7ஆம் நாள் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்க வைத்த கம்பியில் மூன்று பெண் யானைகள் இறந்ததும், தப்பிய இரண்டு குட்டிகள் அந்த உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்ததும் தமிழ்நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு, மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்துவதற்கான விதிகளைக் கொண்டுவந்தது. காடுகளை ஒட்டிய பகுதிகளில் வேலி அமைக்க முன் அனுமதி பெற வேண்டும், ஏற்கெனவே இருப்பவற்றைப் பதிவு செய்ய வேண்டும், கருவி இந்தியத் தரநிலைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. இந்த விதிகளை மனமார வரவேற்கிறேன். அரசின் ஆவணங்களே முறையான வேலியையும் திருட்டுக் கம்பியையும் பிரித்துப் பார்க்கும்போது, செய்தித்தாள்களில் மட்டும் இரண்டும் ஒரே சொல்லில் கலந்து கிடப்பது ஏன் என்பதே என் கேள்வி.

அரசுக்கும் தங்கள் இதழ் வழியாக ஒரு விண்ணப்பம் உண்டு. வேளாண் பொறியியல் துறை சூரிய மின்வேலிக்கு மானியம் வழங்கியிருக்கிறது. அதன் அமைப்பு ஐந்து வரிக் கம்பி, ஏழு வரிக் கம்பி, பத்து வரிக் கம்பி என்று, யானையையும் பன்றியையும் மாட்டையும் மனத்தில் வைத்து, ஏக்கர் கணக்கில் பயிர் வைத்திருப்பவர்களுக்காக வகுக்கப்பட்டது. இருபது சென்ட்டில் கோழி வளர்ப்பவருக்கு அந்த அளவு வேலி தேவையும் இல்லை, கட்டுப்படியாகவும் ஆகாது. அவருக்கு வேண்டியது தரமான சிறிய பெட்டி ஒன்று, பேட்டரி, சிறிய சூரியத் தகடு, மூன்று எர்த் கம்பி, மூன்று வரிக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறடிக் கம்பி, ஒரு வோல்ட் மீட்டர், இவ்வளவே. கால்நடை பராமரிப்புத் துறை நாட்டுக்கோழிப் பண்ணைக்கு மானியம் தரும்போது, குஞ்சு, தீவனம், கொட்டகை ஆகியவற்றோடு இதையும் சேர்த்துத் தரலாம். இந்தத் திட்டங்களில் பயன்பெறுபவர்களில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை இருக்கிறது. தனியாகத் தோட்டத்தில் இருக்கும் ஒரு பெண், நள்ளிரவில் நாய்க் கூட்டத்தின் குரலைக் கேட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே ஓடும் நிலையை, சில ஆயிரம் ரூபாய்ப் பொருள் மாற்றிவிடும். கால்நடை மருந்தகங்களில் பயிற்சி நடக்கும் நாளில், வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியைப் பற்றிச் சொல்லும் அதே மேடையில், மின்வாரிய ஊழியர் ஒருவரும் வந்து நின்று, ஒரு முறையான பெட்டியை இயக்கிக் காட்டி, தன் கையாலேயே கம்பியைத் தொட்டுக் காட்டினால், நூறு துண்டறிக்கைகள் செய்யாததை அது செய்யும். நான் என் தோட்டத்தில் அப்படித்தான் செய்தேன். துக்கம் விசாரிக்க வந்த அதே பெரியவர், என் கையைத் தொடர்ந்து தானும் புல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கம்பியைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த மாதம் தன் மோட்டார் அறையில் சுருட்டி வைத்திருந்த ஒயரை என்னிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

ஆசிரியர் அவர்களே, செய்தி எழுதும் நிருபர்களுக்கு இது பெரிய சுமை அல்ல என்று நம்புகிறேன். ஓர் உயிரிழப்பைப் பற்றி எழுதும்போது, கம்பிக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது, இடையில் துடிப்புக் கருவி இருந்ததா என்ற இரண்டு கேள்விகளைக் காவல்துறையிடமோ மின்வாரியத்திடமோ கேட்டு, அதற்கேற்ற சொல்லைத் தலைப்பில் வைத்தால் போதும். மின்கண்ணி என்ற சொல் பிடிக்கவில்லை என்றால், தங்களுக்குச் சரியென்று தோன்றும் வேறு சொல்லை ஆளுங்கள். வேலி என்ற சொல் மட்டும் அந்தக் கம்பிக்கு வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கி, சோளமும் மக்காச்சோளமும் கதிர் பிடிக்கும்போதுதான் பன்றிக்குப் பயந்து ஊர் ஊராகக் கம்பி இழுக்கிறார்கள், ஈரத் தரையில் ஆட்கள் சாகிறார்கள். அதற்குள் இந்த மாற்றத்தைத் தங்கள் இதழ் தொடங்கிவிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
நாட்டுக்கோழி வளர்க்கும் விவசாயி,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.